மோதலின் வரலாறு – 9: திசைக்கு முதுகு காட்டிய இருக்கை

சென்ற வாரம் நில்ஸ் போலினின் மூன்று முனை சீட் பெல்ட்டோடு நிறுத்தியிருந்தோம். 1959இல் வால்வோ கார்களில் வந்த அந்த பெல்ட் எதை நம்பிச் செய்யப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம். மேலே தோளெலும்பும் மார்புக்கூடும், கீழே இடுப்பெலும்பின் இரண்டு முகடுகளும். கார் மோதி நிற்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் இந்த எலும்புகள் மேல்தான் இறங்கும். வளர்ந்த ஆளுக்கு இந்தக் கணக்கு சரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு இடுப்பெலும்பின் முகடு இன்னும் சரியாக எழும்பியிருக்காது. பெல்ட் அங்கே நிற்காமல் வழுக்கி, எலும்பின் காவல் இல்லாத வயிற்றில் ஏறும். தோளில் போக வேண்டிய பட்டை கழுத்தில் போகும். பெல்ட்டால் வயிற்றில் ஏற்படும் இந்த வகைக் காயங்களுக்கு அமெரிக்க மருத்துவர்கள் 1962இலேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆக, காரில் உயிர் காக்கும் சாதனம் என்று ஒன்று வந்தபோது அதில் குழந்தைக்கு இடம் இல்லை.

குழந்தைக்கென்று இருக்கையே இருந்ததில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அமெரிக்காவில் பன்னி பேர் என்ற நிறுவனம் 1933இலேயே ஒன்றை விற்றது. குழந்தையை உயரத்தில் உட்கார வைப்பதுதான் அதன் வேலை. பிள்ளைக்கு ஜன்னல் வழியே வெளியே தெரிய வேண்டும், ஓட்டுகிறவருக்குத் திரும்பினால் பிள்ளை தெரிய வேண்டும், அது சீட்டில் எழுந்து நடமாடக் கூடாது. அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. 1940களிலும் 50களிலும் வந்தவற்றை இன்று பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் பார்க்கலாம். வளைத்த எஃகுக் குழாயின் மேல்நுனிகள் இரண்டும் கொக்கிகளாக இருக்கும். அவற்றை முன்சீட்டின் முதுகில் மாட்டித் தொங்கவிட வேண்டும். உட்காருவதற்குக் கான்வாஸ் துணி. முன்னால் ஒரு குறுக்குக் கம்பி, அந்தக் கம்பியில் ஒரு பொம்மை ஸ்டீயரிங். சிலவற்றில் அமுக்கினால் கத்தும் ஹாரனும் உண்டு. குழந்தையும் அப்பாவோடு சேர்ந்து ஓட்டுமாம்!

வண்டி மோதினால் இந்தக் கருவி என்ன செய்யும் என்று அதைச் செய்தவர்கள் யோசித்ததற்கு எந்த அடையாளமும் அதில் இல்லை. கொக்கி மேல்நோக்கிக் கழன்றுகொள்ளும். கழலாவிட்டால் குறுக்குக் கம்பி வயிற்றில் இறங்கும். அந்தக் காலத்து இரண்டு கதவுக் கார்களில் முன்சீட்டின் முதுகே பூட்டில்லாமல் முன்பக்கம் மடங்கக்கூடியது. கொக்கியை மாட்டிய இடமே நிலையில்லாதது என்றால் மாட்டிய பொருளைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இந்தச் சாமானையும் வாங்காதவர்கள்தான் பெரும்பான்மை. குழந்தையின் இடம் தாயின் மடி. அதைவிடப் பத்திரமான இடம் உலகில் உண்டா என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒரே பதில்தான் வரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். சுவரில் மோதும் கார் முழுதாக நிற்க எடுத்துக்கொள்வது நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கண நேரத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைக் கையில் பிடித்து நிறுத்த, சராசரியாக 140 கிலோ பாரத்தைத் தாங்குகிற பலம் கைக்கு வேண்டும். உச்சக்கட்டத்தில் தேவை அதைப்போல இரண்டு மடங்கு. பயில்வானாலும் ஆகாத காரியம். மூன்றாவது மாடியிலிருந்து விழும் பிள்ளையைக் கீழே நின்று ஏந்துவதும் இதுவும் ஏறக்குறைய ஒரே வேகக் கணக்கு. அந்தத் தாய் பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம். அவருடைய 60 கிலோவும் சேர்ந்து பிள்ளையை டேஷ்போர்டில் நெரிக்கும்.

இந்தக் கணக்கு 1950களில் யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. ராக்கெட் வண்டியில் தன் உடம்பையே சோதனைப் பொருளாக்கிய கர்னல் ஜான் பால் ஸ்டாப்பை இந்தத் தொடரில் முன்பே சந்தித்துவிட்டோம். 1954 டிசம்பர் 10ஆம் தேதி நியூ மெக்சிகோவின் ஹாலமன் விமானத் தளத்தில், மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்றார். புவியீர்ப்பின் 46 மடங்கு விசை. கண்ணில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வையே இல்லை. அது முகத்தை முன்னால் வைத்துச் செய்த ஓட்டம். அவருடைய ஆரம்பகால ஓட்டங்கள் வேறு மாதிரி: 1947இல் முதன்முதலாக ஏறியபோது வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் உடம்பு தாங்கும் அளவு கூடுகிறது என்பது அந்தச் சோதனைகளிலேயே தெளிவாகிவிட்டது. அமெரிக்க விமானப்படையின் போக்குவரத்து விமானங்கள் சிலவற்றில் இருக்கைகளைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்ததும் அதனால்தான். சிப்பாய்க்குக் கிடைத்த இந்த அறிவு குழந்தைக்குப் போய்ச் சேர ஸ்வீடனில் ஒரு மருத்துவர் வர வேண்டியிருந்தது.

பெர்ட்டில் ஆல்ட்மன். மருத்துவம் படித்தவர், மோதலில் மனித உடம்பு எப்படிக் காயப்படுகிறது, அதை எப்படிக் காப்பது என்பதுதான் அவர் 1962இல் வெளியிட்ட ஆய்வின் பொருள். பிற்காலத்தில் கோதென்பர்க்கின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பாதுகாப்புப் பேராசிரியராக இருந்தார். விண்வெளிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க ஜெமினி வீரர்களின் இருக்கைகள் அவர் கவனத்தை ஈர்த்தன. உடம்பின் அச்சுக்கு வார்த்த இருக்கை. வீரர் அதில் மல்லாந்து படுத்திருப்பார். ராக்கெட் கிளம்பும் விசை முதுகு முழுவதிலும் பரவி இறங்கும். தலை, கழுத்து, முதுகெலும்பு மூன்றும் ஒரே பலகையில் சாய்ந்திருப்பதால் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. காரில் விசை வருவது கிளம்பும்போது அல்ல, நிற்கும்போது. அப்படியானால் இருக்கையை அப்படியே திருப்பி வைத்தால் போதும். ஆல்ட்மனின் யோசனை இவ்வளவுதான். பெரிய கண்டுபிடிப்புகளுக்கு உரிய ஆரவாரம் எதுவும் இதில் இல்லை.

மருத்துவராக இருந்ததால் அவருக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. குழந்தை என்பது அளவில் சுருக்கிய பெரியவர் அல்ல. பிறந்த குழந்தையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலை. ஒன்பது மாதக் குழந்தையின் எடையிலும் தலைதான் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது 6 சதவீதம். இவ்வளவு கனத்தைத் தாங்குகிற கழுத்தோ இன்னும் கட்டி முடியாத கட்டடம். பெரியவர்களின் கழுத்து முள்ளெலும்பு ஒவ்வொன்றும் ஒரே எலும்பு. குழந்தைக்கு அதே முள்ளெலும்பு மூன்று துண்டுகளாக, இடையில் குருத்தெலும்பால் ஒட்டியிருக்கும். அவை கூடி ஒன்றாவது ஏறத்தாழ 3 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில். பிறந்த குழந்தையின் முதுகெலும்புத் தொடரை இழுத்தால் அறுபடாமல் 5 செ.மீ. வரை நீளும் என்றும், உள்ளே ஓடும் நரம்புத் தண்டு 6 மி.மீ. நீண்டாலே அறுந்துவிடும் என்றும் 1960இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. வெளியே எலும்பு முறிவே தெரியாது, உள்ளே தண்டு போயிருக்கும். விபத்தில் வந்த குழந்தைகளைப் பார்த்த மருத்துவர்களைக் குழப்பிய விஷயம் இது.

முன்னே பார்த்து உட்கார்ந்த குழந்தையை எவ்வளவு நல்ல பட்டைகளால் கட்டினாலும், கட்டுவது உடம்பைத்தான். தலையைக் கட்ட முடியாது. உடம்பு நிற்கும், தலை போகும், நடுவில் இருப்பது அந்தக் கழுத்து. திருப்பி உட்கார வைத்தால் கழுத்துக்கு அந்த வேலையே இல்லாமல் போகிறது.

1964இல் ஆல்ட்மனின் முதல் மாதிரி இருக்கை ஒரு வால்வோ பிவி 544 காரில் பொருத்திச் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு, ஸ்டாப்பின் பெயராலேயே நடக்கும் மோதல் ஆய்வாளர்களின் எட்டாவது மாநாட்டில், ஒன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை பற்றி அவர் கட்டுரை படித்தார். ஆறு வயது வரை! இன்றும் பல நாடுகளில் பெற்றோர் ஒரு வயது தாண்டியதும் இருக்கையை முன்னே திருப்பத் துடிக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அவர் எவ்வளவு தூரம் யோசித்திருந்தார் என்பது புரியும்.

வால்வோ 1967இல் அமேசான் காருக்கு ஒரு துணைக்கருவியை விற்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டையே பின்பக்கம் திருப்பி, அதில் மெத்தை வைத்த தனி முதுகையும் பட்டைகளையும் மாட்டுகிற ஏற்பாடு. 1972இல் குழந்தைக்கென்றே வடிவமைத்த, பின்னோக்கிய தனி இருக்கை வந்தது. ஸ்வீடன்காரர்கள் அதை வைத்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: முன்சீட்டில், இருக்கையின் முதுகு டேஷ்போர்டில் சாய்ந்து நிற்க. மோதும்போது பாரத்தை டேஷ்போர்டே வாங்கிக்கொள்ளும். ஓட்டுகிற தாய்க்குப் பிள்ளையின் முகமும் பக்கத்திலேயே தெரியும். காலை மடக்கிக்கொள்ளவும் பிள்ளைக்கு இடம் இருந்தது. நான்கு வயது வரை பிள்ளைகள் இப்படிப் போவது அந்த நாட்டில் பழக்கமாகிவிட்டது. பின்னோக்கிய இருக்கையில் அடங்காத பிள்ளைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் 1970களின் பிற்பாதியில் வால்வோவிடமிருந்தே வந்தது: ஒரு கனத்த மெத்தை. பிள்ளையைச் சில அங்குலம் உயர்த்தி, பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பில் நிற்கும்படி இரண்டு பக்கமும் கொம்பு வைத்துப் பிடிக்கிற மெத்தை. பார்த்தால் ஒரு பொருட்டாகவே தோன்றாது. போலினின் பெல்ட்டுக்கும் பிள்ளையின் உடம்புக்கும் இடையிலிருந்த இடைவெளியை அடைத்தது அதுதான்.

ஸ்வீடனுக்கு வெளியே கதை வேறு வழியில் போனது. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவின் டென்வரில் லெனர்ட் ரிவ்கின் என்று தனியாட்கள் தங்கள் யோசனைகளோடு வந்தார்கள். ஏம்ஸின் இருக்கையில் இன்றைய இருக்கைகளில் உள்ளது போன்ற ஒய் வடிவப் பட்டை இருந்தது. ரிவ்கினுடையது குழந்தையைச் சுற்றி உலோகச் சட்டம் வைத்தது. டெட்ராய்ட்டின் கார் நிறுவனங்கள் இதில் இறங்கியது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான்.

ஃபோர்டு 1968இல் கொண்டுவந்த டாட்-கார்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதில் பட்டையே கிடையாது. குழந்தை ஒரு சிறிய மேடை மேல் உட்காரும். அதன் மடிக்கு மேல், உள்ளே பஞ்சு வைத்த பாலிஎத்திலீன் கவசம் ஒன்றைக் கவிழ்க்க வேண்டும். காரின் இடுப்பு பெல்ட் அந்தக் கவசத்தைச் சுற்றிப் போகும், பிள்ளையைத் தொடாது. மோதினால் பிள்ளை அப்படியே கவசத்தின் மேல் குனிந்து விழும்; முகம், மார்பு, வயிறு எல்லாம் சேர்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். விசையை ஓரிடத்தில் குத்த விடாமல் பரப்பிவிடு என்பது ஆல்ட்மனின் அதே கொள்கை. அவர் முதுகில் பரப்பினார், இவர்கள் முன்பக்கத்தில் பரப்பினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குழந்தைகளுக்குப் பின்னோக்கிய தொட்டியும், நடக்கிற பிள்ளைகளுக்கு லவ் சீட் என்ற வார்ப்பு இருக்கையும் விற்றது. மூன்றும் நன்றாகவே யோசித்துச் செய்யப்பட்ட பொருள்கள். விலை கொடுத்து வாங்கத்தான் ஆள் குறைவு. கடைகளில் பக்கத்து அடுக்கிலேயே கொக்கி மாட்டும் நாற்காலி மலிவாகக் கிடைத்தது, பொம்மை ஸ்டீயரிங்கோடு.

எது உயிர் காக்கும், எது காக்காது என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது? அரசுதானே. 1966இல் அமெரிக்காவுக்குப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் கீழ் குழந்தை இருக்கைகளுக்கான விதி எண் 213, 1971 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தேதியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அந்த விதி இருக்கையைக் காரின் பெல்ட்டால் கட்ட வேண்டும் என்றது, லேபிள் ஒட்ட வேண்டும் என்றது, பலத்தைச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் சோதனை எப்படி? நின்ற இடத்தில் இருக்கையை வைத்து, அதில் மனித உடற்பகுதி போன்ற கட்டையைப் பூட்டி, இழுத்துப் பார்ப்பது. மோதல் கிடையாது.

மெதுவாக இழுத்தால் தாங்குகிற பொருள் வெடுக்கென்று இழுத்தால் தாங்காது என்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம், தையல் விட்ட பை போதும். அதைவிடப் பெரிய குறை வேறு. இழுக்கிற சோதனை, இருக்கை உடைகிறதா என்று மட்டும்தான் கேட்கிறது. உள்ளே இருக்கும் தலை எவ்வளவு தூரம் முன்னே போகிறது, மார்பில் எவ்வளவு விசை இறங்குகிறது என்று அது கேட்பதில்லை. உடையாமல் இருந்தே பிள்ளையைக் கொல்லக்கூடிய இருக்கைகள் உண்டு. இரும்புபோல் இறுகியிருப்பது நல்ல இருக்கைக்கு அடையாளமும் அல்ல. காரின் முகப்பு நசுங்குகிற அந்தப் பத்தில் ஒரு நொடியைப் பிள்ளையின் உடம்பும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கார் வேகம் குறையத் தொடங்கும்போதே பிள்ளையும் குறையத் தொடங்க வேண்டும். பட்டை தளர்வாக இருந்தால் கார் பாதி நின்ற பிறகுதான் பிள்ளையின் உடம்புக்குச் சேதியே போகும். மீதி நேரத்தில் முழு வேகத்தையும் இழக்க நேரும்போது விசை இரட்டிப்பாகிவிடும். பட்டைக்கும் தோளெலும்புக்கும் நடுவே ஒரு விரலுக்கு மேல் நுழையக் கூடாது என்று இன்று சொல்வதன் காரணம் இதுதான்.

நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1972இல் அரசு செய்யாததைச் செய்தது. கடையில் விற்கும் இருக்கைகளை வாங்கி மோதல் சோதனைக்கு அனுப்பியது. பெரும்பாலானவை தேறவில்லை. அவற்றில் அரசு விதிக்குப் பொருந்தியவையும் இருந்தன. சட்டப்படி விற்ற பொருளை நம்பி வாங்கியவர்களுக்கு இதைவிடக் கசப்பான செய்தி இருந்திருக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் முன்னுக்கு வந்தவர்கள் பொறியாளர்கள் அல்ல, குழந்தை மருத்துவர்கள். நியூ ஜெர்சி குழந்தை மருத்துவர் சீமோர் சார்லஸ் 1965இல் கார் பாதுகாப்புக்காகப் போராடும் மருத்துவர் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அந்த ஆண்டு நியூயார்க் கார் கண்காட்சிக்கு வெளியே மருத்துவர்கள் பலகை ஏந்தி ஊர்வலம் போனார்கள். அமெரிக்கர்களுக்கு அது விசித்திரமான காட்சி. சார்லஸும் அவருடைய சகா ஆன்மரி ஷெல்னெஸும் 1975இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, நாட்டின் சாலைகளில் யாரும் கண்டுகொள்ளாத சிறுபான்மையினர் என்று குழந்தைகளைக் குறிப்பிட்டது. அம்மை நோய்க்குத் தடுப்பூசி போடச் சொல்லும் மருத்துவர் கார் இருக்கையைப் பற்றி வாய் திறப்பதில்லையே, ஏன் என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம்.

அதைத் தன் ஊரிலேயே செய்து காட்டியவர் டென்னஸி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோவில் இருந்த ராபர்ட் சாண்டர்ஸ். ரூதர்ஃபோர்டு கவுண்டியின் பொதுச் சுகாதார இயக்குநர், குழந்தை மருத்துவர். குழந்தையை இருக்கையில் கட்டித்தான் காரில் அழைத்துப் போக வேண்டும் என்று சட்டம் வேண்டும் என்றார். அமெரிக்காவில் எங்கும் அப்படி ஒரு கட்டாயம் கேள்விப்படாத காலம். மனைவி பேட், வீட்டுத் தொலைபேசியிலிருந்து சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். பிள்ளை எங்கள் பிள்ளை, எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று அரசாங்கமா சொல்வது என்ற எதிர்ப்பு சட்டமன்றத்தில் பலமாக இருந்தது. முதல் முயற்சி தோற்றது. 1977இல் சட்டம் நிறைவேறி, 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்காவின் முதல் சட்டம்.

அதில் ஒரு ஓட்டை வைத்துத்தான் நிறைவேற்றினார்கள். பெரியவர் ஒருவர் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தால் இருக்கை வேண்டியதில்லை! மேலே போட்ட 140 கிலோ கணக்கை நினைத்துப் பாருங்கள். எந்தப் பழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்களோ, அதே பழக்கத்துக்குச் சட்டமே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. சாண்டர்ஸ் அதற்குக் குழந்தை நசுக்கும் திருத்தம் என்று பெயர் வைத்து, போகிற இடமெல்லாம் அந்தப் பெயரையே சொன்னார். கண்ணியமான மருத்துவர் வாயிலிருந்து வந்த அந்தப் பெயர் எடுபட்டது. 1981இல் ஓட்டை அடைக்கப்பட்டது. அதற்குள் மற்ற மாநிலங்களும் அவர் வழியில் வரத் தொடங்கியிருந்தன. 1985க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இந்தச் சட்டம் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ஒரு நாடு முழுவதும் மடியிலிருந்து பிள்ளையை இறக்கி வைத்தது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நுரையும் பட்டையும் காப்பாற்றிய உயிர்களின் எண்ணிக்கைக்குப் பாதிக் காரணம் இந்த மனிதரின் பிடிவாதம்.

பொருளும் அதே நேரத்தில் மாறியது. விதி 213 புதிதாக எழுதப்பட்டு 1981 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இப்போதுதான் உண்மையான மோதல். தண்டவாளத்தில் ஓடும் சோதனை வண்டி, அதில் 1974ஆம் ஆண்டு செவ்ரலே இம்பாலாவின் பெஞ்ச் சீட்டை மாதிரியாகக் கொண்ட ஓர் இருக்கை, அதன் மேல் சோதிக்க வேண்டிய குழந்தை இருக்கை, அதற்குள் பொம்மை. வேகம் மணிக்கு 48 கி.மீ. பொம்மையின் தலை முன்னே போகக்கூடிய எல்லை 32 அங்குலம், முழங்காலுக்கு 36 அங்குலம். மார்பில் புவியீர்ப்பின் 60 மடங்குக்கு மேல் விசை கூடாது. இரண்டு பொம்மைகள்தான்: மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, ஆறு மாதக் குழந்தை ஒன்று. ஆறு மாதப் பொம்மைக்குள் அளவுகருவி எதுவும் கிடையாது. அது இருக்கையில் தங்குகிறதா, தலை வெளியே வருகிறதா என்று படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கழுத்தில் இறங்கும் இழுவிசைக்கு அந்த விதியில் எல்லையே இல்லை. ஆல்ட்மன் எந்த உறுப்பிலிருந்து தொடங்கினாரோ அதை அமெரிக்கச் சோதனை அளக்கவில்லை. ஸ்வீடன் 2009இல் பிளஸ் டெஸ்ட் என்று தனியாக ஒரு கடுமையான சோதனையைக் கொண்டுவந்து கழுத்து விசையையே தேர்வாக்கியது.

ஐரோப்பாவும் 1981இல் தன் பொது விதியான எண் 44ஐக் கொண்டுவந்தது. மோதல் வேகம் 50 கி.மீ. அட்லான்டிக்கின் இரு கரைகளிலும் சோதித்தது முன்பக்க மோதலைத்தான். ஐரோப்பிய விதி பின்பக்கம் இடிபடுவதையும் சேர்த்துக்கொண்டது. பக்கவாட்டில் இடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை 2013இன் புதிய ஐரோப்பிய விதி 129தான் தேர்வுத்தாளில் சேர்த்தது. அமெரிக்கா அதற்கான விதியை வெளியிட்டது 2022இல். கதவுக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவே நசுங்க இடமே இல்லாத மோதல் அது. கடினமானதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள்.

1981 விதிக்குப் பிறகு வந்த இருக்கையைப் பிரித்துப் பார்த்தால் இன்றையதன் எலும்புக்கூடு தெரியும். வார்த்த பிளாஸ்டிக் ஓடு. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனைப் பட்டை. அந்த ஐந்தாவது பட்டைக்குப் பிள்ளை நழுவி வெளியே வராமல் பிடிப்பதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கியமான வேலை வேறு: இடுப்புப் பட்டையைக் கீழே இழுத்துப் பிடித்து வயிற்றில் ஏற விடாமல் செய்வது. தலைக்குப் பின்னாலும் பக்கத்திலும் பிற்பாடு வந்த வெள்ளை நுரை வேறு எதுவும் அல்ல, நம் வீட்டுக்கு டிவி பெட்டியோடு வருகிற அதே தெர்மாகோல். அழுத்தினால் நொறுங்கி, திரும்ப உப்பாது. நொறுங்குவதற்குச் செலவான ஆற்றல் தலைக்குப் போகாமல் மிச்சம். ரப்பர் மெத்தைபோல் எம்பித் தள்ளினால் அந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும், அதனால்தான் அது உதவாது. ஒருமுறை பெரிய விபத்தைச் சந்தித்த இருக்கையை மறுபடி பயன்படுத்தாதே என்பதற்குக் காரணங்களில் ஒன்று இந்தத் தெர்மாகோல். வெளியே கீறல் இருக்காது, உள்ளே தன் வேலையை முடித்திருக்கும்.

எலும்புக்கூட்டிலிருந்து ஓர் உறுப்பு இடையில் காணாமல் போய்த் திரும்பியதையும் சொல்ல வேண்டும். முன்னே பார்க்கும் இருக்கையின் உச்சியிலிருந்து காரின் உடம்பில் போய் மாட்டுகிற மேல்பட்டை. கீழே மட்டும் கட்டிய இருக்கை மோதலில் தலைகுப்புறச் சாயும். உச்சியைப் பிடித்துவிட்டால் தலை போகும் தூரம் பல அங்குலம் குறையும். 1970களில் அமெரிக்காவின் நல்ல இருக்கைகள் சிலவற்றில் அது இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் லவ் சீட்டிலும் இருந்தது. ஆனால் காரில் துளை போட்டு ஆணி இறக்க வேண்டும். பெற்றோர் செய்யவில்லை, பட்டை பின்னால் சும்மா தொங்கியது. யாரும் மாட்டாத பட்டையை நம்பி இருக்கைக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று விதி நினைத்தது, அது இல்லாமலே தேற வேண்டும் என்றது. தேற வைத்துவிட்டு நிறுவனங்கள் பட்டையையே எடுத்துவிட்டன. ஆஸ்திரேலியா எதிர்வழியில் போனது: 1970களிலேயே மேல்பட்டை மாட்டும் இடத்தைக் காரிலேயே வைத்துக் கொடு என்று கார் நிறுவனங்களிடம் சொன்னது. மாட்ட இடம் இருந்ததால் மக்களும் மாட்டினார்கள். 1999இல் அமெரிக்கா தலை போகும் எல்லையைச் சுருக்கியபோது மேல்பட்டை திரும்பி வந்தது. பெற்றோர் சோம்பேறிகள் என்று நினைத்த நாட்டைவிட, அவர்களுக்கு ஒரு கொக்கி வைத்துக் கொடுத்த நாடு புத்திசாலி.

முன்னே பார்ப்பதா, பின்னே பார்ப்பதா என்ற வழக்கு முடிந்துவிட்டதா? அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் இரண்டு வயது வரை பின்னே பார்த்தே உட்கார வையுங்கள் என்றது, 2018இல் வயதையும் எடுத்துவிட்டு இருக்கையில் அடங்கும் வரை என்றது. இதற்கிடையில் ஒரு சங்கடம். 2011 பரிந்துரைக்குத் துணையாக நின்ற 2007ஆம் ஆண்டு ஆய்வு, கணக்கை மறுபடி பார்த்தபோது நிற்கவில்லை, திரும்பப் பெறப்பட்டது. முறையாகக் கட்டிய சிறு குழந்தைகள் அமெரிக்காவில் படுகாயமடைவது எந்தப் பக்கம் பார்த்தாலும் அவ்வளவு அரிது, ஒப்பிடுவதற்கான எண்ணிக்கை போதவில்லை. பின்னோக்கிய இருக்கையை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அதற்காகக் கழுத்தெலும்பின் குருத்து கெட்டியாகிவிடாது. ஸ்வீடனின் நீண்ட அனுபவமும் சோதனைச் சாலையும் ஆல்ட்மன் பக்கமே பேசுகின்றன. சாலைப் புள்ளிவிவரம் மட்டும் அமெரிக்காவில் அவ்வளவு உரக்கப் பேசவில்லை.

1980களின் முடிவில், ஆல்ட்மனின் இருக்கைக்கு எதிராக உலகில் எதுவும் இல்லை என்றே தோன்றியது. பின்னே பார்த்த குழந்தை, முன்சீட்டில், டேஷ்போர்டுக்கு மிக அருகில் தலை. அதே ஆண்டுகளில் அந்த டேஷ்போர்டுக்குள், பெல்ட் போடாத பெரியவர்களை மனத்தில் வைத்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் விரியும் ஒரு பையை அமெரிக்கக் கார் நிறுவனங்கள் மடித்து வைக்கத் தொடங்கியிருந்தன. 1990களின் நடுவில், சாதாரணமாகக் கீறலோடு தப்பித்திருக்க வேண்டிய சிறு மோதல்களில் கைக்குழந்தைகள் இறக்க ஆரம்பித்தார்கள்.

(தொடரும்)